நடுக்கடலில் விடாமல் கத்தும் பழைய போட் மோட்டார்... பசர் வயரை பிடுங்கலாமா? எதை பார்க்கணும்?

கரையில் இருந்து கிளம்பி சில கிலோமீட்டர் தாண்டியாச்சு. திடீரென அவுட்போர்டு மோட்டாரில் 'பீ...' என்று விடாத சத்தம். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய மோட்டார்தானே, சென்சார் கெட்டிருக்கும் என்று பசர் வயரை பிடுங்கிவிட்டு தொழிலை பார்ப்பவர்கள் உண்டு. சில நேரம் அவர்கள் நினைத்தது சரியாகவும் இருக்கும். தப்பாக இருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்து இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடும். அப்புறம் இன்னொரு படகு வந்து இழுத்தால்தான் கரை.

சத்தம் எதுக்கு வருது?

பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று சூடு, இன்னொன்று ஆயில். ஆயிலுக்கு தனி டேங்க் உள்ள டூ-ஸ்ட்ரோக் மோட்டார், டேங்கில் ஆயில் குறைந்தால் கத்தும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் ஆயில் பிரஷர் இறங்கும்போது கத்தும். அதை உடனே நிறுத்தணும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் மோட்டாரில் பசர் கத்தினால் சூட்டைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

ஆயில் இன்ஜெக்‌ஷன் உள்ள பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் விடாமல் ஒலித்தால் சூடு, விட்டு விட்டு ஒலித்தால் ஆயில். யமஹாவின் பல மாடல்களில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். சாவி போட்டதும் ஒரு வினாடி கத்தி நின்றால் பயப்பட வேண்டாம். பல மாடல்களில் அது பசருக்கான சோதனை.

கடலில் என்ன பண்ணணும்?

வேகத்தை குறைத்து நியூட்ரலுக்கு வாங்க. ஆனால் அலை உடைகிற இடத்தில் இருந்தால், மெதுவாக ஓட்டி வெளியே வந்த பிறகுதான் நிறுத்தணும். அங்கே இன்ஜின் ஓடாத படகு கவிழ்ந்துவிடும், மோட்டார் போவது அதற்கு அப்புறம்தான்.

அடுத்து, மோட்டாரில் தண்ணீர் பீய்ச்சும் சின்ன ஓட்டையை பாருங்க. தண்ணீர் வரவில்லையா? இன்ஜினை நிறுத்தி, மோட்டாரை தூக்கி, கீழே தண்ணீர் உறிஞ்சும் வலைக்கண்ணை பாருங்க. பிளாஸ்டிக் கவரோ, வலைத்துண்டோ சுற்றியிருக்கும். எடுத்துவிட்டால் பல நேரம் வேலை முடிந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்றால், தூண்டில் நரம்பை அந்த சின்ன ஓட்டைக்குள் விட்டு உப்பு, மணல் அடைப்பை குத்தி எடுங்க. அதுக்கும் வரலைன்னா தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கலாம். கடலில் அதை மாற்றுவது கஷ்டம். நங்கூரம் போட்டுவிட்டு பக்கத்து படகை கூப்பிடுங்க. ஆபத்து என்றால் இந்திய கடலோர காவல்படையின் 1554 எண் இருக்கிறது.

தண்ணீர் நன்றாக வந்தாலும் நிம்மதி ஆகிவிட முடியாது. பல மாடல்களில் தெர்மோஸ்டாட்டுக்கு போகும் முன்பே இந்த ஓட்டைக்கு தண்ணீர் பிரிந்துவிடும். உப்பு படிந்து தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருந்தால், வெளியே தண்ணீர் பாயும், உள்ளே சிலிண்டர் கொதிக்கும். கழற்றி வெந்நீரில் போட்டு பாருங்க. திறக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். சூடான இன்ஜின் மேல் மட்டும் கடல் தண்ணீரை ஊற்றாதீங்க. அதை தானாக ஆற விடணும்.

சென்சார்தான் பொய் சொல்கிறதா?

இதை கரையில் பார்க்கலாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கணும், ஆயிலும் நிறைந்திருக்கணும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்க. அப்போதும் விடாமல் கத்தினால், சிலிண்டர் ஹெட்டில் உள்ள சூட்டு ஸ்விட்சின் வயரை கழற்றுங்க. சத்தம் நின்றால் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. நிற்கவில்லை என்றால் எங்கோ வயர் உரசி, தோல் கிழிந்து, இரும்பில் தொடுகிறது. அல்லது ஆயில் டேங்க் சென்சாரில் கோளாறு. வயரை பிடுங்கலாமா என்ற கேள்விக்கு பதில் இதுதான்: இந்த சோதனைக்கு மட்டும், அதுவும் கரையில்.

நம்ம கடற்கரைகளில் ஃபைபர் படகை மணல் மேலேயே ஏற்றுகிறோம். அப்போது பம்ப் மணலை உறிஞ்சும், இம்பெல்லர் சீக்கிரம் தேயும். தண்ணீர் இல்லாமல் சில வினாடி ஓட்டினாலும் ரப்பர் கருகத் தொடங்கும். தொழில் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டி கழுவுங்க. பழைய இம்பெல்லரை கழற்றும்போது இதழ்களை எண்ணிப் பாருங்க. ஒன்று குறைந்தாலும் அந்த துண்டு தண்ணீர் பாதைக்குள்தான் எங்கோ கிடக்கிறது. அதை எடுக்காமல் புதுசு மாட்டினால் பசர் மறுபடியும் கத்தும்.