அவசர சிகிச்சையும் அரசின் சட்டமும்

நோயாளரின் உடலில் மருந்தேற்றும் உரிமை வைத்தியருக்கும், அவர் பணிப்பின்வழி ஒழுகும் தாதியருக்குமே உரியது என்பது நெடுங்காலம் நிலைபெற்ற விதி. பயிற்சியற்றோரிடமிருந்து மக்களைக் காத்தற்கெழுந்த அவ்விதியே, வைத்தியர் இல்லாவிடத்தில், உயிர்காக்க வல்ல கையையும் கட்டிவிடுதல் உண்டு. இவ்விடர்ப்பாட்டை அரசு தீர்க்குமாற்றினைக் கலிபோர்ணியா மாநிலத்தின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

1960ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் பல ஊர்களில் அம்புலன்ஸ் சேவையை நடத்தியோர் ஈமச்சடங்கு நிலையத்தாரே. படுத்த நிலையில் ஒருவரை ஏற்றிச்செல்லத்தக்க வண்டி அவர்களிடம் இருந்தமையே இதற்குக் காரணம். 1965இல் விபத்துக் காயங்களால் அந்நாட்டில் 107,000 பேர் இறந்தனர் என்று தேசிய விஞ்ஞானக் கழகத்தின் 1966ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டிற்று. அவ்வாண்டிலேயே, பெல்பாஸ்ற் நகரில் பான்றிட்ஜ் என்னும் வைத்தியர், மாரடைப்புற்றோர் இருக்கும் இடத்திற்கே சிகிச்சையை வண்டியிற் கொண்டுசெல்லும் முறையைத் தொடங்கினார்.

இம்முறையின் வழியில், லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துத் தீயணைப்புப் படைவீரர் சிலர் 1969இல் பயிற்றப்பட்டனர். இவர்களே பராமெடிக் எனப் பெயர்பெற்றோர். பயிற்சி இருந்தும் சட்டம் இடந்தரவில்லை. தாதி ஒருவர் உடன்சென்றாலன்றி இவர்கள் மருந்தேற்ற இயலவில்லை. 1970இல் ஆளுநர் றொனால்ட் றேகன் ஒப்பமிட்ட வெட்வேர்த்-ரவுண்சென்ட் சட்டம் இத்தடையை நீக்கிற்று. வைத்தியசாலையிலிருந்து வானொலித் தொடர்பு மூலம் பெறும் பணிப்பின்படி அவர்கள் தாமே சிகிச்சையளிக்கும் உரிமை பெற்றனர்.

எனினும், சட்டம் உரிமையை மட்டும் வழங்கி அமையவில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென மாநில அதிகாரசபை ஒன்றை நிறுவிற்று. இன்று பராமெடிக் ஒருவர் பரீட்சையிற் சித்தியெய்தி மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தற்கு 48 மணிநேரத் தொடர்கல்வியை நிறைவுசெய்தல் வேண்டும். அவர் செய்யத்தக்கவற்றுக்கு விதிகள் எல்லை வகுத்துள்ளன. அவர் பணி மருத்துவப் பணிப்பாளர் ஒருவரின் மேற்பார்வைக்கு உட்பட்டது. தவறிழைப்பின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்படும்.

இத்துணைக் கட்டுப்பாடு மிகையன்றோ எனச் சிலர் வினவலாம். பயிற்சிக்குரிய காலமும் செலவும் மிகுமாயின், சிற்றூர்களிற் பணிபுரிய ஆள் கிடைப்பது அரிதாகும் என்பதும் மெய்யே. ஆயினும் ஒன்று மறத்தற்கில்லை. ஏனைய நோயாளர் தம் வைத்தியரைத் தாமே தெரிந்துகொள்ளலாம். நினைவிழந்து வீதியிற் கிடப்பவருக்கோ அத்தெரிவு இல்லை. வருபவரின் தகுதியை அவர்பொருட்டு முன்னரே ஆராய்ந்து வைத்தல் அரசின் கடனாகும்.