யார் முன்னால் பேசப்போகிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு நவம்பர் நெருக்கடியான மாதம். யூசி, சிஎஸ்யூ பல்கலைக்கழகங்களுக்கு டிரான்ஸ்பர் விண்ணப்பம் போட வேண்டும், ஸ்பிரிங் செமஸ்டருக்கான வகுப்புகளையும் அதே வாரங்களில் பிடிக்க வேண்டும். அண்மையில் வந்த வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. மகள் ஒரு கம்யூனிகேஷன் பாடம் முடித்துவிட்டாள், ஆனால் கவுன்சலர் இன்னொன்று எடுக்கச் சொல்கிறார், ஏன்?

கம்யூனிகேஷன் துறை நடத்தும் பாடம் எல்லாமே ‘வாய்மொழித் தொடர்பு’ என்ற கட்டத்தை நிரப்பிவிடாது என்பதுதான் காரணம். பொதுக்கல்விப் பட்டியலில் அதற்கு 1சி என்று பெயர். பழைய ஐகெட்சி பட்டியலில் அது சிஎஸ்யூ போகிறவர்களுக்கு மட்டும்தான் கட்டாயம். 2025 ஃபால் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு வந்திருக்கும் கேல்-கெட்சி பட்டியலில், யூசியை மட்டும் குறிவைப்பவர்களுக்கும் அது உண்டு. இந்தப் புதுப் பட்டியலில் மொத்தம் 11 பாடங்கள், 34 யூனிட். 2021இல் வந்த ஏபி 928 சட்டத்தின் விளைவு இது.

அதே ஆண்டின் ஏபி 1111 சட்டத்தால் பொது எண் முறை வந்தது. மேடைப்பேச்சுப் பாடம் எந்தக் கம்யூனிட்டி காலேஜிலும் இனி காம் சி1000. இதனால் மாணவர்களின் சுமை குறைந்துவிட்டதாக நிர்வாகம் சொல்கிறது. எண்ணைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஒரே எண்ணுக்குக் கீழே நடக்கும் வகுப்புகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைப் பற்றி அறிவிப்புகளில் பேச்சே இல்லை.

காம் சி1000இன் பாட விவரத்தில், பேசும்போதே கேட்கும் பார்வையாளர்கள் முன் உரையாற்ற வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி, நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். எழுதி வைத்ததைத் தனியறையில் கேமராவுக்கு ஒப்பிப்பது பேச்சாகாது. எதிரில் இருப்பவர் புருவம் சுருங்கியதும் வாக்கியத்தை மாற்றிச் சொல்லத் தெரிவதுதான் பேச்சு. இந்தக் கட்டத்தை அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் (ஏபி) தேர்வு எழுதிக் கடந்துவிட முடியாது என்பதும் கவனிக்க வேண்டியது. நம் வீடுகளில் பள்ளியிலேயே ஏழெட்டு ஏபி முடித்த பிள்ளைகளும் இங்கே வந்து நின்றுதான் ஆக வேண்டும்.

சரி, அந்தப் பார்வையாளர்களை யார் கொண்டுவருவது? நேரடி வகுப்பில் சக மாணவர்களே கேட்பவர்கள். குறித்த நேரத்தில் ஜூமில் கூடும் வகுப்பிலும் அப்படித்தான். ஆனால் அவரவர் வசதிப்படி படிக்கும் ஆன்லைன் வகுப்புகளில் சில ஆசிரியர்கள், இத்தனை பெரியவர்களை நீங்களே கூட்டி, அவர்கள் முன் பேசி, அவர்களும் படத்தில் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்கிறார்கள். ஒரு உரைக்கு மட்டுமல்ல, செமஸ்டர் முழுவதும் ஒவ்வொரு உரைக்கும்.

எனக்கு உறுத்துவது இதுதான். கல்லூரி அமைத்துத் தர வேண்டிய அரங்கை மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுற்றமும் நட்பும் பக்கத்தில் இருப்பவருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, மூன்று பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு படிப்பவர் யாரைக் கூப்பிடுவார்? சென்னையிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத பெண்ணுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி என்று சொல்லப்படும் வகுப்பு, அவர்களிடம்தான் கூடுதலாகக் கேட்கிறது. இதையெல்லாம் பதிவுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். வகுப்பு அட்டவணையில் ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே குறிப்பு இருக்கும். அதில் இல்லையென்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பிருந்தால் நேரடி வகுப்பை எடுங்கள். நடுங்கும் குரலோடு வரும் இருபது பேர் ஒருவரையொருவர் கேட்பதில் கிடைக்கும் பயிற்சி, வரவேற்பறையில் அத்தை மாமாவை உட்காரவைத்துப் பேசுவதில் கிடைக்காது.

சிஎஸ்யூ போகிறவர்கள் ஒரு கெடுவை மறக்கக் கூடாது. அங்கே வாய்மொழித் தொடர்பு, எழுத்து, விமர்சனச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கிலும் ஃபாலில் சேர்வதற்கு முந்தைய ஸ்பிரிங் முடிவதற்குள் தேறியிருக்க வேண்டும். பேசப் பயந்து இதைக் கடைசிக்குத் தள்ளும் பிள்ளைகள், சம்மரில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து இடத்தை இழக்க நேரிடும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இன்டர்பெர்சனல் கம்யூனிகேஷன் எடுத்தாயிற்றே? உங்கள் கல்லூரியின் கேல்-கெட்சி பட்டியலில் 1சியின் கீழ் அது இருந்தால் மட்டுமே உதவும்.

ஆர்க்யுமென்டேஷன்? பல இடங்களில் அது விமர்சனச் சிந்தனைக் கட்டத்தில் இருக்கும்; ஒரு பாடத்தை இரண்டு கட்டங்களில் கணக்கு வைக்க முடியாது.

பழைய எண்ணில் தேறிய மேடைப்பேச்சு? மறுபடி எடுக்க வேண்டாம்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ்? பயிற்சிக்கு நல்லது, யூனிட் கிடைக்காது.

எஃப்-1 விசா மாணவர்? முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் பாடம்தான் சேரும். அதை இதற்குச் செலவிடாதீர்கள்.

கட்டணம்? மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், மூன்று யூனிட் பாடத்துக்கு 138.

இடம் நிரம்பிவிட்டால்? காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் நில்லுங்கள். முதல் வாரத்தில் சிலர் விலகுவார்கள், ஆசிரியர் அந்த இடங்களை வந்து நிற்பவர்களுக்குத்தான் கொடுப்பார்.