ஹம்மில் ஒரு சனிக்கிழமை வாத்தியார்

ஜெர்மனிக்குப் படிக்க வர்ற நம்ம பசங்களுக்கு பகுதி நேர வேலைன்னா என்ன கிடைக்கும்? குடோன்ல பெட்டி அடுக்குறது, ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறது, சைக்கிள்ல சாப்பாட்டுப் பை சுமக்குறது. இந்த மூணுல ஒண்ணைக்கூட செய்யாம முதுகலை முடிச்சவங்க ரொம்ப கம்மி. நானும் குடோன் கேஸ்தான். ஆனா அதோட சேர்த்து சம்பளமே இல்லாத இன்னொரு உத்தியோகமும் ரெண்டு வருஷமா பார்க்கிறேன். சனிக்கிழமை தமிழ் வாத்தியார்!

"யாரு, நீயா?"ன்னு பன்னிரண்டாம் வகுப்பு தமிழய்யா கேட்டா சிரிச்சே செத்துடுவார். பரவாயில்ல. வெளிநாட்டுல போய் வாத்தியாரா நின்னா என்ன கத்துக்கலாம்னு ஊர்ல இருந்து ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. அதான் இந்த நீண்ட கதை. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க மக்களே.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். ஹம், லிப்பே ஆத்தங்கரையில இருக்கிற ஊர். ரூர் தொழிற்பேட்டையோட கிழக்கு ஓரம், சுமார் 1,80,000 பேர். ஜெர்மனிக்காரங்களுக்கே இந்த ஊரை ரயில் ஜங்ஷனாத்தான் தெரியும். பெர்லின்ல இருந்து வர்ற ஐசிஇ ரயிலை இங்கதான் ரெண்டா பிரிப்பாங்க, இல்லேன்னா எதிர்த்திசையில ரெண்டை ஒண்ணா சேர்ப்பாங்க. நம்ம ஊர்ல விழுப்புரம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். ஒரு காலத்துல நிலக்கரி ஊர். கடைசிச் சுரங்கத்தை 2010-ல மூடிட்டாங்க. இன்னொரு பழைய சுரங்கத்தோட நிலக்கரி கழுவுற கட்டடத்தை 1984 தோட்டக் கண்காட்சிக்காக பிரம்மாண்டமான கண்ணாடி யானையா மாத்திட்டாங்க. நிஜமாத்தான் சொல்றேன், மாக்சிமிலியன் பூங்காவுல நிக்குது.

ஆனா தமிழனுக்கு ஹம்முனா ஊன்ட்ராப் காமாட்சி அம்பாள் கோயில்தான். பாஸ்கரக் குருக்கள் 1985-ல இலங்கையில இருந்து அகதியா வந்தவர். ஒரு வீட்டோட அடித்தளத்துல பூஜையை ஆரம்பிச்சார். 2002 ஜூலையில 17 மீட்டர் கோபுரத்தோட பெரிய கோயிலுக்கே குடமுழுக்கு நடந்தது. அதுவும் எங்க? தொழிற்பேட்டைக்கு நடுவுல! தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து பதினஞ்சாயிரம், இருபதாயிரம் பேர் வருவாங்க. தீர்த்தம் டாட்டெல்ன்-ஹம் கால்வாயில, சரக்குக் கப்பல் போற தண்ணியில.

இவ்வளவு தமிழர் இங்க எப்படி வந்தாங்க? 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் தப்பிச்சு வந்தவங்கள்ல பலர் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்துல இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள்ள வந்தாங்க. அரசாங்கம் அவங்களைப் பல மாநிலங்களுக்குப் பிரிச்சு அனுப்புச்சு. நிறையப் பேர் வந்து சேர்ந்தது நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா. ஜெர்மனியில ஈழத்தமிழர் சுமார் 60,000 பேர்னு ஆய்வாளர்கள் 2000 வாக்குல கணக்கு சொன்னாங்க. வழக்கு முடியுற வரைக்கும் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, இஷ்டத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அந்த நிலைமையிலயும் அவங்க முதல்ல உண்டாக்குன விஷயங்கள்ல ஒண்ணு பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. 1990-ல இருந்து பல ஜெர்மன் நகரங்கள்ல 'தமிழாலயம்'ங்கிற பேர்ல வார இறுதிப் பள்ளிகள் நடக்குது. வகுப்பு வாரியா புத்தகம், வருஷத்துக்கு ஒரு பொதுத்தேர்வு, எல்லாம் உண்டு.

இது போக மாநில அரசே நடத்துற தாய்மொழி வகுப்பும் இருக்கு. அதுக்கு ஜெர்மன்ல பேரு ஹெர்குன்ஃப்ட்ஸ்ஷ்ப்ராஹன்உன்டர்ரிஹ்ட். (மூச்சு விட்டுக்கோங்க.) நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவுல இந்தப் பட்டியல்ல தமிழும் உண்டு. தொடக்கப் பள்ளியில குறைஞ்சது 15 பிள்ளைங்க, அதுக்கு மேல 18 பிள்ளைங்க சேர்ந்தா ஒரு குழு அமைக்கலாம். பத்தாம் வகுப்பு கட்டத்துல மொழித் தேர்வு எழுதினா, அந்த மதிப்பெண் இன்னொரு அந்நிய மொழியில குறைஞ்ச மதிப்பெண்ணை ஈடு கட்டவும் உதவும். இங்க இருக்கிற தமிழ்ப் பெற்றோர் பலருக்கே இது தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

நான் போறது பெற்றோர்களே சேர்ந்து நடத்துற ஒரு சின்ன வகுப்பு. பதினோரு பிள்ளைங்க, ஆறு வயசுல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும், எல்லாரும் ஒரே அறையில. மூத்த ஆசிரியை ஒருத்தங்க இருக்காங்க, யாழ்ப்பாணத்துல படிச்சவங்க. எல்லாருக்கும் 'ரீச்சர்'. வாரம் பூரா முதியோர் இல்லத்துல உதவியாளர் வேலை, சனிக்கிழமை சாக்பீஸ். முப்பது வருஷமா இப்படித்தான். என்னை பிள்ளைங்க 'சேர்'னு கூப்பிடுவாங்க. முதல் நாளே ஒரு பொடிசு சொன்னது: "சேர், நீங்க படத்தில கதைக்கிற மாதிரி கதைக்கிறீங்க!" நம்ம மதுரைத் தமிழ் அவங்க காதுக்கு சினிமா வசனம். ஹி.. ஹி..

சரி, மேட்டருக்கு வருவோம். ரெண்டு வருஷத்துல நான் கத்துக்கிட்டது:

1. "எது சரி?"ங்கிற கேள்வி

புத்தகத்துல 'வருகிறேன்'. வீட்டுல அம்மா 'வாறன்'. நான் பேசினா 'வர்றேன்'. "இதில எது சரி சேர்?" ஜெர்மன் பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளை, காரணம் கேட்காம விடாது. "அது அப்படித்தான்"னு சொல்லித்தான் நம்மள வளர்த்தாங்க, இங்க அது செல்லாது. அப்பதான் ரீச்சர் ஒரு வழி காட்டினாங்க. ரூர் பகுதிக்காரங்க பேசும்போது 'டாஸ்', 'வாஸ்'ங்கிறதை 'டாட்', 'வாட்'ம்பாங்க. பரீட்சையில அப்படி எழுதுவீங்களா? மாட்டீங்க. அதுக்காக உங்க பக்கத்து வீட்டுத் தாத்தா பேசுறது தப்பா? இல்ல. தமிழும் அப்படித்தான், எழுத ஒரு சட்டை, வீட்டுல ஒரு சட்டை. பிள்ளைங்களுக்குப் பட்டுன்னு புரிஞ்சுது. பேச்சு வழக்குன்னா என்ன, எழுத்து வழக்குன்னா என்னன்னு எனக்கும் அன்னைக்குத்தான் உறைச்சுது.

2. இது, உது, அது

இலக்கணத்துல அ, இ, உ மூணும் சுட்டெழுத்துன்னு மனப்பாடம் பண்ணியிருப்போம். நாம அ-வையும் இ-யையும் மட்டும் வச்சுக்கிட்டு உ-வைத் தொலைச்சுட்டோம். யாழ்ப்பாணத் தமிழ்ல அது இன்னும் உயிரோட இருக்கு. என் கையில இருந்தா 'இது', உன் பக்கத்துல இருந்தா 'உது', ரெண்டு பேருக்கும் தள்ளி இருந்தா 'அது'. எட்டு வயசுப் பொண்ணு "சேர், உதைத் தாங்கோ"ன்னு என் முன்னாடி கிடந்த அழிரப்பரைக் காட்டுறா. பன்னெண்டு வருஷம் நான் பரீட்சைக்காகப் படிச்ச இலக்கணம், ஜெர்மனியில பொறந்த பொண்ணு வாயில சாதாரணமா வருது!

3. ஜெர்மன் நமக்கு எதிரி இல்ல

"தமிழ்ல ஏன் வினைச்சொல்லைக் கடைசியில வைக்கிறீங்க?"ன்னு ஒருத்தன். தம்பி, ஜெர்மன்லயும் அப்படி வரும். 'எனக்குப் பசிக்குது'ன்னு தனியா சொன்னா 'இஹ் ஹாபே ஹுங்கர்'. 'ஏன்னா எனக்குப் பசிக்குது'ன்னு சொல்ல 'வைல்' போட்டா 'வைல் இஹ் ஹுங்கர் ஹாபே', வினை கடைசிக்கு ஓடிடுது. அதே மாதிரி கையுறைக்கு ஜெர்மன்ல 'ஹான்ட்ஷூ', அதாவது கைச்செருப்பு. ரெண்டு மொழியும் சொல்லோட சொல்லை ஒட்டவைக்கிற மொழிதான். ஆனா இருபத்தொண்ணை மட்டும் அவங்க 'ஒண்ணும் இருபதும்'னு தலைகீழா சொல்லுவாங்க. அதுல நம்ம பக்கம்தான் நியாயம். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கப் போய் என் ஜெர்மன் எங்கேயோ போயிடுச்சு. பணம் கட்டிப் படிச்ச மொழி வகுப்பை விட இந்தப் பதினோரு பேர் நல்ல வாத்தியார்கள்.

4. வருத்தம்

இதுதான் நான் எழுத உட்கார்ந்ததுக்கே காரணம்.

போன வருஷம் குளிர்காலத்துல ஒரு சனிக்கிழமை. பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி, நல்லா படிப்பா. வந்து உட்கார்ந்தா, முகமே சரியில்ல. "அம்மம்மாக்கு வருத்தம் சேர்" அப்படீன்னா. நம்ம ஊர் காதுக்கு இது 'பாட்டி மனசு கஷ்டத்துல இருக்காங்க'ன்னு கேக்கும். யாழ்ப்பாணத்துல வருத்தம்னா நோய். அந்த வாரம் அப்பாவும் அம்மாவும் வேலையில இருந்தப்போ, இவதான் பாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கா. டாக்டர் ஜெர்மன்ல கேக்கிறார், பாட்டி தமிழ்ல சொல்றாங்க, நடுவுல இவ. பாட்டி சொன்னதுல பாதி இவளுக்குப் புரியல. நெஞ்சு எரியுதுன்னாங்களா, நோகுதுன்னாங்களா? டாக்டருக்கு அது ரெண்டும் ஒண்ணு இல்லையே. நல்லவேளை, டாக்டர் பொறுமையா சோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தார், பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா இந்தப் பொண்ணுக்கு நடுக்கம் போகல. "நான் பிழையாச் சொல்லி, அவைக்கு ஏதும் நடந்திருந்தா?"

ரீச்சர் ஒரு வார்த்தையும் பேசாம கரும்பலகையில இருந்த ஆத்திசூடியை அழிச்சாங்க. ஒரு மனுஷ உருவம் வரைஞ்சாங்க. தலையில இருந்து கால் வரைக்கும் அம்பு போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. தலைச்சுத்து. தடிமன். நெஞ்செரிவு. நெஞ்சு நோ. முட்டு (மூச்சுத் திணறல்). நாரி நோ (நாரின்னா அங்க இடுப்பு). கால் விறைப்பு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பிள்ளைங்க ஜெர்மன் எழுதினாங்க. குத்துற வலி, இழுக்கிற வலி, விட்டு விட்டு வர்ற வலி, இதுக்கெல்லாம் வித்தியாசம் நடிச்சுக் காட்டினாங்க. ஆறு வயசு வாண்டு "நாரி நோகுது"ன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததும், அந்தப் பொண்ணு முதல் தடவையா சிரிச்சா.

வகுப்பு முடிஞ்சு பெஞ்சு எல்லாம் சரி பண்ணும்போது ரீச்சர் சொன்னாங்க: "தம்பி, நான் வேலை செய்யிற இடத்தில மறதி வருத்தம் வந்த சனத்தைப் பார்க்கிறன். பிறகு படிச்ச மொழி முதல்ல போயிடும். எங்கட ஆக்களுக்கும் வயது போகுது. அந்த நேரம் அவையளோட கதைக்க ஆர் இருக்கினம்? உந்தப் பிள்ளையள்தான்."

தமிழ் சொல்லிக் கொடுக்கிறதுன்னா பெருமை, பாரம்பரியம், மேடையில திருக்குறள்... இந்த மாதிரி பேச்சு நிறைய கேட்டிருக்கேன். அதெல்லாம் வேணும்தான். ஆனா ஒரு பாட்டிக்கு எங்க வலிக்குதுன்னு பேத்திக்குப் புரியணும்ங்கிறதை விட பெரிய காரணம் எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கறேன். இந்தச் சொல்லை இந்தப் பிள்ளை இந்த வாரம் யார்கிட்ட பேசும்? பதில் இருந்தா அந்தப் பாடம் நிக்குது. பன்னெண்டு வயசுல அல்ஜீப்ரா போடுற பையன்கிட்ட 'அ - அம்மா, ஆ - ஆடு'ன்னா அவனுக்குக் கூச்சமா இருக்கும். 'ரொறன்ரோவுல இருக்கிற பெரியம்மாவுக்கு நாலு வரி வாட்ஸ்அப்பில அனுப்பு'ன்னா அதே எழுத்தை அவனே தேடி வந்து கேட்டுக்கறான்.

இது ஒண்ணும் புதுசும் இல்லீங்க. சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடிக்கு வந்து, திண்ணைப் பள்ளிப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல எழுதித்தான் தமிழ் எழுத்து கத்துக்கிட்டார். 1714-ல ஐரோப்பாவுக்குத் திரும்பிக் கப்பல் ஏறும்போது, பேசிப் பழக மலையப்பன்கிற தமிழ் இளைஞரைக் கூடவே கூட்டிட்டு வந்தார். 1716-ல ஹால நகரத்துல அவரோட தமிழ் இலக்கணம் லத்தீன்ல அச்சாச்சு. புத்தகத்து மேல பேரு சீகன்பால்கு. ஆனா இந்த நாட்டுல தமிழைப் பேசிக் காட்டின ஆரம்ப காலத்து ஆள்னா அது மலையப்பன்தான். ஊர் விட்டு ஊர் வந்து, குளிர்ல நடுங்கிக்கிட்டே, ஒருத்தருக்குத் தமிழ் மறக்காம இருக்கப் பேச்சுத் துணையா இருந்த மனுஷன். முந்நூறு வருஷம் கழிச்சு நாங்க செய்யுறதும் கிட்டத்தட்ட அதேதான்.

"சரிப்பா, உன் படிப்புக்கு இதால என்ன பிரயோஜனம்?"ன்னு எங்கப்பா கேட்ட மாதிரியே நீங்களும் கேட்பீங்க. சொல்றேன். நான் படிக்கிறது சரக்குப் போக்குவரத்து மேலாண்மை. முதல் செமஸ்டர்ல கருத்தரங்கு உரைன்னாலே வயித்தைக் கலக்கும். இப்ப, ஆறு வயசுக்கும் பதினஞ்சு வயசுக்கும் ஒரே நேரத்துல புரியுற மாதிரி பேசிப் பழகினவனுக்கு முப்பது பேர் உட்கார்ந்த அறை ஒரு பயமும் இல்ல. "ஏன்?"னு யாராவது கேட்டா கோபம் வர்றதில்ல. ஜெர்மன்காரங்க இந்த மாதிரி சம்பளமில்லாத சேவைக்கு 'எஹ்ரன்ஆம்ட்'னு மரியாதையான பேரே வச்சிருக்காங்க. பயிற்சி வேலைக்கான நேர்காணல்ல என் மதிப்பெண்ணைப் பத்தி ரெண்டு கேள்வி, சனிக்கிழமை வகுப்பைப் பத்தி இருபது நிமிஷம்! வேலையும் கிடைச்சுது.

வெளிநாட்டுல படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். உங்க ஊர்லயும் இப்படி ஒரு வகுப்பு இருக்கும். கோயில்லயோ, மளிகைக் கடையிலயோ விசாரிச்சாத் தெரியும். ரீச்சர் மாதிரி ஆளுங்களுக்கு வயசாகுது, முழங்கால் வலியோட மாடி ஏறி வர்றாங்க. இங்கேயே பொறந்து வளர்ந்த ரெண்டு பொண்ணுங்க இப்ப உதவிக்கு வர ஆரம்பிச்சிருக்காங்க, இருந்தாலும் கை பத்தல. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான். நம்ம தமிழைக் கொண்டு போய் அவங்க தமிழ் மேல ஏத்தாதீங்க, அது ஒண்ணுதான் நிபந்தனை. 'கதை'க்கிற பிள்ளையை 'பேச' வைக்க வேண்டியதில்ல. ரெண்டும் தெரிஞ்சா ரெட்டை லாபம்.

அடுத்த சனிக்கிழமை பாடம் உறவுமுறை. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் ஜெர்மன்ல ஒரே 'ஒன்கெல்'தான். யார் யாரு என்ன முறைன்னு பதினோரு குடும்பத்துக்கும் படம் போடணும். எங்க வீட்டு முறையே எனக்குக் குழப்பம், அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வர்றேன்.