போர்டைச் சுற்றி நாலு பேர்

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனா ராத்திரிதான் வர்றீங்க. அப்படி என்னதான் பேசுவீங்க?"

வீட்டில் கேட்ட கேள்வி இது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நாங்கள் பேசுவது மூன்றே விஷயங்கள். ஒண்ணு, ஆட்டம். ரெண்டு, வீட்டுத் தொல்லை: மோட்டார் ஓடல, அம்மாவுக்குச் சுகர் ஏறிடுச்சு, பையன் ப்ளஸ் டூ. மூணு, அடுத்த பண்டிகைக்கு யார் ஊர்ல இருக்காங்க, யார் இல்ல. இதையெல்லாம் எழுதி வைத்தால் ஒரு பக்கம்கூடத் தேறாது. ஆனா புழல்ல எங்க தெருவுல, ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்குற இடத்துல, இருபது வருஷமா விடாம கூடுறோம்னா அதுல ஏதோ இருக்கணும் இல்லையா? அது என்ன என்று எனக்கே விளக்கிக்கொள்ளும் முயற்சிதான் இந்தக் குறிப்பு.

கேரம் ஏன் இங்கே இவ்வளவு?

'வட சென்னை' (2018) படம் பார்த்தவர்களுக்குத் தனுஷ் கையில் ஸ்ட்ரைக்கர் இருந்தது ஞாபகம் இருக்கும். அது சும்மா வைத்த காட்சி இல்லை. கேரம் உலகத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். முதல் உலகச் சாம்பியன் போட்டியை 1991இல் வென்றவர் சென்னைக்காரர் மரிய இருதயம். 1995இல் மறுபடியும் அவரே வென்றார். 1996இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 2008இல் பிரான்சின் கான் நகரில் பெண்கள் பட்டத்தை வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள்.

ஏன் இங்கே என்றால், என் கணிப்பு இதுதான். ஃபுட்பாலுக்கு மைதானம் வேணும். பாக்ஸிங்குக்கு உடம்பு வேணும், வாத்தியார் வேணும். கேரமுக்கு ஆறடிக்கு ஆறடி இடம் போதும். ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம். அதைச் சுற்றி நாலு ஸ்டூல், மேலே ஒரு பல்பு, ஒரு டப்பா பவுடர், அவ்வளவுதான் செலவு. அதோடு எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கமெல்லாம் ஷிஃப்ட் வேலை. பதினொரு பேர் ஒரே நேரத்துக்கு ஓய்வாகக் கிடைக்க மாட்டார்கள். நாலு பேர் எந்த நேரத்திலும் கிடைப்பார்கள். ஒருத்தன் எழுந்து போனால் இன்னொருத்தன் உட்காரலாம்.

அந்த நாலு என்ற எண்

இங்கேதான் எனக்கு ஆச்சரியமான ஒரு விஷயம் கிடைத்தது. ராபின் டன்பர் என்ற பிரிட்டிஷ் மானுடவியல் ஆய்வாளரைப் பலர் '150 நண்பர்கள்' என்ற கணக்குக்காக அறிந்திருப்பார்கள். அவரும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அதைவிடச் சின்னது, அதைவிட சுவாரஸ்யமானது. பொது இடங்களில் தானாகச் சேர்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒரே பேச்சில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாலு பேருக்கு மேல் போவதில்லை. ஐந்தாவது ஆள் வந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

இதை நீங்களே கல்யாண வீட்டில் சோதிக்கலாம். எட்டு பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கவனித்துப் பார்த்தால் அங்கே நடப்பது இரண்டு பேச்சு, சில சமயம் மூன்று. எல்லாரும் ஒரே பேச்சில் இருக்க வேண்டுமானால் ஒருத்தர் மேடைப் பேச்சாளர் ஆக வேண்டும், மற்றவர்கள் சபை ஆக வேண்டும்.

நம் ஆட்களுக்கு இது புதுசா என்ன? "நாலு பேர் என்ன சொல்வாங்க", "நாலு பேர்கிட்ட கலந்து பேசு", "நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்" என்கிறோம். கடைசியாகத் தூக்கிப் போவதற்கும் நாலு பேர். ஊர் என்பதை ஏன் நாலாகச் சுருக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேரம் போர்டுக்கு நாலு பக்கம் இருப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது மட்டும் தெரியும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஸ்ட்ரைக்கர் கை மாறிக்கொண்டே இருப்பதால் பேச்சில் தானாக இடைவெளி விழுகிறது. போனில் அஞ்சு செகண்ட் சும்மா இருந்தால் "ஹலோ, லைன்ல இருக்கியா?" என்பார்கள். போர்டில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். காயைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் காயைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ரெட் விழுந்தது, ஃபாலோ விழவில்லை

எங்களில் ஒருத்தன் வடபெரும்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். நல்ல கை. ரெட் போட்டால் ஃபாலோ போடாமல் விடமாட்டான். விதி தெரியாதவர்களுக்கு: சிவப்புக் காயைப் போட்ட பிறகு அடுத்த அடியிலேயே உன் காய் ஒன்றைப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். அதுதான் ஃபாலோ.

போன வருஷம் ஒரு ஞாயிறு. ரெட்டைப் போட்டான். பாக்கெட் வாயிலேயே ஒரு வெள்ளை உட்கார்ந்திருந்தது. சின்னப் பையன்கூடப் போட்டுவிடுவான். இவன் தவறவிட்டான்.

"இன்னா மச்சி, தூக்கமா?"

அவன் நிமிரவில்லை. ரெட்டை எடுத்து நடுவில் வைத்தான்.

"வேலை போயி நாலு மாசம் ஆவுதுடா."

நாலு மாசமாக அவன் தினம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பியிருக்கிறான். எங்கள் வாட்ஸப் குரூப்பில் தினமும் குட் மார்னிங் போட்டிருக்கிறான். "எப்படிடா கீறே?" என்று கேட்டபோதெல்லாம் "சூப்பரா கீறேன்" என்று எழுதியிருக்கிறான். அந்தக் குரூப்பில் 23 பேர் இருக்கிறோம்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எதிரில் இருந்தவர் ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளி "ஆடு" என்றார். இரண்டு போர்டு முடிந்தது. அப்புறம் அவர்தான் மெதுவாகக் கேட்டார். "லோன் எவ்ளோ நிக்குது?" பதில் வந்தது. "பசங்க ஃபீஸு?" பதில் வந்தது. அடுத்த புதன்கிழமை லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் பழையதைவிடக் கம்மிதான்.

சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் எழுதிய புத்தகத்தில் 'மூன்றாம் இடம்' என்று ஒன்றைச் சொல்கிறார். வீடு முதல் இடம், வேலை இரண்டாம் இடம். இரண்டும் இல்லாத டீக்கடை, சலூன் மாதிரி இடங்கள் மூன்றாவது. அங்கே உன் சம்பளத்துக்கும் பதவிக்கும் மரியாதை கிடையாது, வந்து உட்காருவதுதான் தகுதி. படிக்கும்போது நல்லாத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் இடம் போய், அதனால் முதல் இடத்திலும் முகம் காட்ட முடியாமல் ஒருத்தன் நிற்கும்போதுதான் மூன்றாவது எதற்கு என்று எனக்கு உறைத்தது.

வெள்ளமும் வளைந்த போர்டும்

புழலில் வீட்டுத் தொல்லை என்று பேச ஆரம்பித்தால் தண்ணீரில்தான் முடியும். 1876இல் கட்டிய ஏரி, 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு. நிரம்பினால் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் கடலுக்குப் போகும். 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்ததையும் பார்த்திருக்கிறோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் வந்து, போர்டு இரண்டு நாள் நனைந்தது. காய்ந்த பிறகு ஒரு மூலை இறங்கிவிட்டது. எந்தப் பக்கம் அடித்தாலும் காய் அந்த மூலைக்கே நகரும். புதுசு வாங்க யாரிடமும் காசில்லை. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய் மெத்தைக்கும் கேஸ் அடுப்புக்குமே சரியாகிவிட்டது. ஒரு மாசம் அந்த வளைந்த போர்டிலேயே ஆடினோம். யார் வீட்டில் ஃபிரிட்ஜ் போச்சு, யார் வீட்டில் பட்டா பேப்பர் நனைந்தது எல்லாம் அந்த மூலையைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தது. ஒவ்வொருத்தனும் தன் நஷ்டம்தான் பெரிசு என்று நினைத்து வந்தவன், எழுந்து போகும்போது கொஞ்சம் லேசாகப் போனான்.

பொங்கலுக்கு எல்லாரும் வருவார்கள்

காணும் பொங்கலன்று போர்டு தெருவுக்கு வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வேலைக்காக வீடு மாறிப் போனவர்களும் குடும்பத்தோடு வருவார்கள். இருபது பேர், டியூப்லைட், ஸ்பீக்கர், டபுள்ஸ் போட்டி, முதல் பரிசு குக்கர். சிரிப்புக்குக் குறைவே இருக்காது. ஆனால் அன்றைக்கு யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. இருபது பேர் நடுவில் சொல்ல முடியாது.

அதனால் பண்டிகை வீண் என்று சொல்லவில்லை. அதன் வேலை வேறு. பண்டிகை யார் வரவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பொங்கலுக்கு ஒருத்தன் வரவில்லை. போன் போட்டபோதுதான் தெரிந்தது, மார்கழியிலேயே அவன் அம்மா இறந்துவிட்டார். குரூப்பில் போட்டிருந்தானாம். அன்றைக்கு வந்த அறுபது மெசேஜில் அது மேலே போய்விட்டது. அந்த அம்மா கையால் நாங்கள் எல்லாருமே சாப்பிட்டவர்கள். இன்னும் அதை நினைத்தால் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

ஐந்தாவது ஆள்

இத்தோடு முடித்தால் நான் உண்மையை முழுசாகச் சொன்னதாக ஆகாது. வேலை போன நண்பன் எங்களிடம் சொன்ன பிறகு, தன் மனைவியிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். அந்தத் தங்கச்சி என் மனைவியிடம் கேட்டது இது: "நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரல. நான் என்ன மூணாவது மனுஷியாக்கா?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் நாலு ஸ்டூலும் ஆம்பளைங்க ஸ்டூல்தான். இளவழகியும் காசிமாவும் வந்த இதே வடசென்னையில், எங்கள் போர்டில் ஒரு பெண் உட்கார்ந்து ஆடியதில்லை. அவர்களுக்கு ஞாயிறு என்பது துணி ஊறவைக்கிற நாள். மூன்றாம் இடம் என்று நான் கொண்டாடுவதற்கு யாரோ ஒருத்தர் முதல் இடத்தைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்போது வீட்டுக்காரர் மாடிப்படியை இடித்து ஒரு போர்ஷன் கட்டப் போகிறார். அவருக்கும் வாடகை வேணும், குறை சொல்ல முடியாது. போர்டை எங்கே வைப்பது என்று நாலு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். போன ஞாயிறு அந்தத் தங்கச்சியே சொல்லி அனுப்பியது: "எங்க வூட்டு மாடியில போட்டுக்குங்க. ஆனா ஒரு ஸ்டூல் எனக்கு."

இந்த வாரம் பவுடர் வாங்க வேண்டும். ஐந்தாவது ஸ்டூலும்.