பதிவேட்டில் ஏறும் பெயர்: ஊவாத் தோட்டங்களிலிருந்து தாதியர் தொழிலுக்கு

நோயாளியின் படுக்கையருகே 24 மணி நேரமும் முறைவைத்து நின்று, உடல்நிலையில் ஏற்படும் மாற்றத்தை முதலில் கண்டுகொள்வதும், மருத்துவர் எழுதிய மருந்தை உரியவருக்கு உரிய அளவில் உரிய நேரத்தில் கொடுப்பதும், கொடுத்ததைக் கையெழுத்திட்டுப் பதிந்து அதற்குப் பொறுப்பேற்பதும் தாதியின் வேலை. இம்மூன்றில் பொறுப்பேற்றல் என்பதே தாதியை ஏனைய உதவியாளர்களிடமிருந்து பிரித்துக்காட்டுகிறது. ஏனெனில் பிழை நேர்ந்தால் பதில் சொல்லவேண்டிய ஒருவரின் பெயர் முன்கூட்டியே ஒரு சட்டப் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பதே பெரும்பாலான நாடுகளில் இத்தொழிலின் அடிப்படை விதியாகும்.

அந்தப் பதிவேட்டை யார் பேணுவது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு தாதியர் வாரியத்தை வைத்துள்ளது. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி பெற்றுத் தேசியத் தேர்வில் தேறியவருக்கு அவ்வாரியம் ஒரு கீழ்நிலை உரிமம் வழங்குகிறது, அவ்வாறு உரிமம் பெற்றவர் மருத்துவரின் அல்லது முழுப்பயிற்சி பெற்ற தாதியின் மேற்பார்வையில் பணிபுரிகிறார். இலங்கையில் இத்தகைய இடைப்படி கிடையாது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் தாதியரையும் மருத்துவமாதரையும் பதிவுசெய்யும் முறையை ஏற்படுத்தியது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தாதியருக்கெனத் தனிப் பேரவை ஒன்றை அமைக்க வழிசெய்தது. பதுளையில் பயின்றாலும் கொழும்பில் பயின்றாலும் பெயர் ஏறுவது நாட்டுக்கே பொதுவான அந்த ஒரே பதிவேட்டில்தான். ஆகவே ஊவா மாகாணத்தில் ஒருவர் தாதியாவது எப்படி என்ற கேள்வி, அந்தப் பதிவேட்டை ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை சென்றடைவது எப்படி என்ற கேள்வியாகவே மாறிவிடுகிறது.

அரச சேவையில் தாதிய உத்தியோகத்தராவதற்குரிய பாதை மூன்றாண்டுப் பயிற்சியாகும். வழமையாகக் கல்விப் பொதுத் தராதர உயர்தரத்தில் விஞ்ஞான அல்லது கணிதப் பிரிவில் சித்தியும், சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றில் சித்தியும் கோரப்படுகின்றன. வயதெல்லை, உடற்தகுதி, ஏனைய நிபந்தனைகள் ஆகியவை சுகாதார அமைச்சு வர்த்தமானியில் வெளியிடும் அறிவித்தலில் விதிக்கப்படுகின்றன. அவை ஒரு தடவைக்கு மறுதடவை மாறக்கூடும் என்பதால், அண்ணனோ அக்காவோ விண்ணப்பித்த காலத்து நிபந்தனைகளை நம்பியிருப்பது தவறாகும். தெரிவானோர் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அனுப்பப்படுகின்றனர். அவற்றுள் ஒன்று பதுளையில் உள்ளது; அதன் மாணவர் நடைமுறைப் பயிற்சி பெறுவது ஊவாவின் மிகப் பெரிய மருத்துவமனையான பதுளை வைத்தியசாலையில். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு வழங்கப்படுகிறது என்பது, பிள்ளையின் மேற்படிப்புச் செலவை நாட்சம்பளத்திலிருந்து ஈடுசெய்ய இயலாத குடும்பங்களுக்குச் சிறிய செய்தியன்று. பல்கலைக்கழகங்களின் தாதியியல் பட்டப்படிப்பு இன்னொரு வழி. அதற்கு உயர்தரப் பெறுபேறு மேலும் உயர்ந்ததாக இருக்கவேண்டும்.

மூன்று ஆண்டுகளில் கற்பிக்கப்படுவது யாது என்பதைப் பாட அட்டவணையைக் காட்டிலும் ஊவாவின் ஒரு விபத்தைக்கொண்டு விளக்குவது எளிது. பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை, நமுனுகுலை ஆகிய பகுதிகளின் தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் ஆபத்து குளவிக் கொட்டு. மலையகத் தமிழில் குளவி என்ற ஒரே சொல், மரக்கிளைகளிலும் பாறைகளிலும் அடை கட்டும் பெருந்தேனீக்களையும், காகிதம் போன்ற கூடு கட்டும் உண்மையான குளவிகளையும் சேர்த்தே குறிக்கிறது. ஆனால் தாதிக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது பயன்தரும். தேனீயின் கொடுக்கு நச்சுப்பையோடு தோலில் தங்கிவிடுவதால், சில நொடிகள் கழிந்தாலும் நஞ்சு இறங்கிக்கொண்டேயிருக்கும், ஆகவே அதைத் தாமதமின்றி அகற்றவேண்டும். குளவியோ கொடுக்கைத் தோலில் விட்டுச்செல்லாது, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டவல்லது.

மருத்துவமனைக்கு வந்து சேரும் தொழிலாளியிடம் தாதி முதலில் நோக்குவது வீக்கத்தையன்று, மூச்சையும் நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையுமே. ஒரே ஒரு கொட்டும்கூட, ஒவ்வாமை உடையவரிடத்தில், உடலெங்கும் இரத்தக் குழாய்களைத் தளரச்செய்து அமுக்கத்தைக் கீழே இறக்கி, தொண்டையை வீங்கவைத்து, சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் நிலையை உருவாக்கக்கூடும்; இது ஒவ்வாமை அதிர்ச்சி எனப்படும். அதற்கு முதல் மருந்து அட்ரினலின். வளர்ந்தவருக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம், செலுத்தவேண்டிய இடம் தொடையின் நடுப்பகுதியின் வெளிப்புறத் தசை. மருந்தின் பெயரும் அளவும் புத்தகத்தில் உள்ளன. கை நடுங்காமல் அதை ஏற்றி, ஐந்து நிமிடத்தில் அமுக்கத்தை மறுபடி அளந்து, நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, நேரத்தைக் குறித்துவைப்பது பயிற்சியில் வருவது.

நூற்றுக்கணக்கில் கொட்டுப்பட்டவரிடம் ஆபத்து வேறு வகையினது, அது மெல்லவே வெளிப்படும். நஞ்சு தசைகளையும் குருதிச் சிவப்பணுக்களையும் சிதைக்க, அச்சிதைவுப் பொருட்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். வலி குறைந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கும் வேளையிலும் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கலாம். இதனை முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரின் நிறமும் அளவுமே. ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் தாழ்ந்த எல்லை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது மணிக்கு 25 மில்லிலீற்றர். இரவு இரண்டு மணிக்கு ஒரு தாதி சிறுநீரை அளந்து, தேயிலைச் சாயம்போல் கறுத்திருப்பதைக் கண்டு, மருத்துவரை எழுப்புகிறார் என்றால், அவ்வுயிரைக் காப்பதில் பெரும்பங்கு அந்த ஓர் அளவையிலேயே அடங்கியிருக்கிறது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், மருந்தியல், நுண்ணுயிரியல் ஆகிய பாடங்கள் எதற்காகக் கற்பிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

இதே மருத்துவமனை விடுதியில் பாடநூல் கற்றுத்தராத ஒன்றும் தேவைப்படுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் மூதாட்டி நெஞ்சு அடைக்கிறது என்று ஒருநாளும், நெஞ்சு கரிக்கிறது என்று மறுநாளும் சொல்வார். முன்னது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம், பின்னது பெரும்பாலும் இரைப்பை எரிச்சலாக இருக்கும், எனினும் இரண்டும் மொழிபெயர்ப்பில் நெஞ்சு வலி என்ற ஒரே சொல்லாகிவிடும். கிறுகிறுப்பு, மயக்கம், கண் இருட்டுதல் ஆகியனவும் அத்தகையவை. நோயாளிக் குறிப்புகள் ஆங்கிலத்திலும் விடுதிப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலும் நடக்கும் மருத்துவமனையில், வேறுபாட்டை உணரக்கூடிய ஒருவர் பணிமுறையில் இல்லாதபோது, அருகுப் படுக்கை நோயாளியோ துப்புரவுத் தொழிலாளியோ மொழிபெயர்ப்பாளராகிறார். தமிழ் பேசும் தாதியரின் எண்ணிக்கையை மொழியுரிமைப் பிரச்சினையாக மட்டும் பேசுவது போதாது. நோயறிதலின் சரிபிழையோடு நேரே தொடர்புடைய காரியம் அது.

தோட்டங்களில் மருத்துவம் தொடங்கிய விதத்தை நோக்கினால், தமிழ் பேசும் தாதியரின் பற்றாக்குறை ஏன் இவ்வளவு காலம் நீடித்தது என்பது விளங்கும். கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதன்வழி தோட்டத்து மருந்துச்சாலையும், அதற்குப் பொறுப்பான மருந்தாளரும், பிள்ளைப்பேறு பார்க்கும் தோட்டத்து மருத்துவிச்சியும் உருவாயினர். நாட்டின் ஏனைய பகுதிகளில் அரசாங்கம் இலவச மருத்துவத்தை விரிவாக்கிச்சென்ற காலத்தில், தோட்டங்களின் சுகாதாரம் துரைமார் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றபின்னரும் இந்த இரட்டை ஏற்பாடு முற்றாக நீங்கவில்லை. தோட்ட மருத்துவமனைகளுள் ஒரு பகுதியே படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதனினும் ஆழமான தடை குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழருள் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அரசாங்க நியமனத்துக்குக் குடியுரிமை முதல் நிபந்தனை என்பதால், எத்தனை கெட்டிக்காரப் பிள்ளையாயினும் அரச தாதியாகும் வாயில் பிறப்பிலேயே மூடப்பட்டிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்களின் வரிசை 2003இல்தான் ஏறத்தாழ நிறைவை எட்டியது. இரண்டு தலைமுறைப் பெண்கள் இழந்த நியமனங்களை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கிட்டுக் காட்டாது.

இன்று அந்த வாயில் திறந்துள்ளது, ஆனால் அதற்கு முன்னால் உயர்தர விஞ்ஞான வகுப்பு என்ற வாயில் நிற்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1970களிலேயே தொடங்கியது. எனினும் அவற்றுள் பல ஆரம்ப வகுப்புகளோடு அல்லது சாதாரண தரத்தோடு நின்றுவிடுகின்றன. தமிழ்மொழியில் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் கற்கவேண்டுமெனில் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களுக்கு வரவேண்டும்; மலைத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வருவதும், நகரில் தங்கிப் படிப்பதும் செலவும் களைப்பும் தருபவை. மலையகத்தில் ஆசிரியத் தொழில் பரவிய அளவுக்குத் தாதியர் தொழில் பரவாததற்கு விளக்கமும் இங்கேயே கிடைக்கிறது: ஆசிரியராவதற்குக் கலைப்பிரிவும் போதுமானதாக இருந்தது, தாதியாவதற்கு ஆய்வுகூடம் தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சொல்வோர் இந்த ஆய்வுகூடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

விஞ்ஞானப் பிரிவில் படிக்காதவருக்கும் எட்டக்கூடியதாக இருக்கும் இன்னொரு தொழில் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மக்கள் வாயில் மிட்வைஃப் எனப்படும் மருத்துவமாது. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த இப்பதவிக்குரிய பயிற்சி 18 மாதங்கள். அதில் ஓராண்டு கல்லூரியிலும் மருத்துவமனையிலும், எஞ்சிய ஆறு மாதங்கள் களத்திலும் கழிகின்றன. பயிற்சி முடித்தவருக்கு ஏறத்தாழ 3,000 பேர் வாழும் ஒரு பகுதி ஒப்படைக்கப்படுகிறது. கர்ப்பிணிகளைத் தொடக்க வாரங்களிலேயே பதிவுசெய்து, இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷா சத்துமாவும் கிடைக்கச்செய்து, பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாட்களில் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் பார்த்து, பிள்ளையின் நிறையை மாதந்தோறும் வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியிட்டு இணைப்பது அவரது கடமை. குருதிச்சோகையும் பிறப்பு நிறைக் குறைவும் நெடுங்காலமாக வாட்டும் தோட்டப்புறத்தில், அந்தப் புள்ளிக்கோடு கீழே சரிவதை முதலில் காண்பவர் இவரே. பிள்ளைக் காம்பிரா எனப்படும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் மலையேறிவிடும் பகல் வேளையில் லயத்துக்குச் சென்றால் எவரையும் காணமுடியாது என்பதால், தோட்டத்து வேலை நேரத்தை அறிந்த ஒருவர் இப்பதவிக்கு வருவது தனிச் சிறப்புடையது.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதைப் பற்றி எச்சரிக்கையோடு பேசவேண்டியிருக்கிறது. முன்னர் கூறிய அமெரிக்கக் கீழ்நிலை உரிமத் தாதிக்கு மிக நெருங்கியதாக இலங்கையில் தென்படுவது தாதி உதவியாளர், பராமரிப்பாளர் ஆகியோருக்கான தொழிற்பயிற்சி. ஏழு மட்டங்களைக்கொண்ட தேசிய தொழில்சார் தகைமைச் சட்டகத்தில் முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழுக்குரியவை. இப்பயிற்சிகள் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன. முதியோர் பராமரிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அச்சான்றிதழ் பயன்படும், நேர்மையான பிழைப்புக்கும் வழிகாட்டும்; ஆனால் அது பதிவுபெற்ற தாதியின் தகுதியாக மாறாது. நகரங்களில் தாதியர் பயிற்சி என்ற பெயர்ப்பலகையோடு சில மாத வகுப்புகள் நடத்தப்படும்போது, நகையை அடகுவைத்துக் கட்டணம் செலுத்தும் முன்னர் பெற்றோர் கேட்கவேண்டியவை இரண்டு: இச்சான்றிதழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான பாடநெறிக்குரியதா, இதைக்கொண்டு தாதியர் பேரவையில் பெயர் பதிய முடியுமா. இரண்டாம் கேள்விக்கு விடை எழுத்தில் வேண்டும்.

விண்ணப்பிக்கும் கட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெனத் தனியான ஓர் இடர் காத்திருக்கிறது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் மூன்று மொழிகளிலும் வெளிவருகிறது, விண்ணப்ப முடிவுத் திகதி அதிலேயே குறிக்கப்படுகிறது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ தபாலில் வரலாம். லயத்து அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டு, திகதி கடந்தபின் வீடு சேர்வது மலையகம் நன்கறிந்த துயரம். ஆகவே விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயருக்குப் பதிலாக, சம்மதம் பெற்று, நகரிலுள்ள உறவினர் அல்லது பாடசாலை அதிபர் ஒருவரின் நிலையான முகவரியை எழுதுவதும், தொலைபேசி இலக்கத்தைத் தவறாமல் சேர்ப்பதும், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவதும், உயர்தரப் பாடங்களில் பெற்ற சித்திக்கு நிகரான ஆயத்தமாகும்.