சுவரில் இறங்கும் கம்பிக்கு உறையே காவல்

தெருவிலுள்ள மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் வீட்டின் வெளிச்சுவரோடு இறங்கி மீட்டர் பெட்டிக்குள் நுழைகிறது. சில மீட்டர் நீளம்தான். வீட்டுக்குள் ஓடும் ஒயர்கள் பைப்புக்குள்ளும் பூச்சுக்குள்ளும் பத்திரமாக இருக்க, இந்தத் துண்டு மட்டும் ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் இதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயின் சுவிட்சும், கசிவைக் கண்டறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் மீட்டருக்குப் பின்னால் இருப்பதால், மீட்டருக்கு முன்னால் வரும் கம்பிக்கு அவற்றின் பாதுகாப்பு கிடையாது. அங்கே நமக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் நிற்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் உறை மட்டும்தான்.

உலோகத்துக்குள் மின்சாரம் ஓடுகிறது, உறை அதை மூடி வைக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது இதைவிட வியப்பானது. 4 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள அலுமினியக் கம்பியில் 10 ஆம்பியர் மின்னோட்டம் இருக்கும்போது, எலெக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு 0.1 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. நம் வீட்டு மின்சாரமோ நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. ஆகவே அந்த நகர்வு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடத்துக்குள் ஊசலாடி முடிந்துவிடுகிறது. கம்பத்து முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் ஓடிவந்து மிக்ஸியைச் சுழற்றுவதில்லை.

அப்படியானால் ஆற்றல் எந்த வழியாக வந்து சேர்கிறது? 1884இல் ஜான் ஹென்றி பாயிண்டிங் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதற்கு விடை தந்தார். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்திருக்கும் வெளியில்தான் மின்காந்த ஆற்றல் பயணம் செய்கிறது. பேஸ் கம்பிக்கும் நியூட்ரல் கம்பிக்கும் இடையிலும் அவற்றைச் சுற்றிலும் அந்தப் புலங்கள் இருக்கின்றன. அதாவது ஆற்றல் வருவது உறையின் வழியாகவும் காற்றின் வழியாகவும்தான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உலோகம் வழி காட்டுகிறது. உலோகத்துக்குள் புகும் சிறு பங்கு கம்பியைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. வெறும் மூடி என்று நாம் நினைக்கும் பிளாஸ்டிக்கின் ஊடாகத்தான் நம் வீட்டு வெளிச்சம் வந்து சேர்கிறது.

அந்த உறை ஏன் ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும்? 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் அது 325 வோல்ட் வரை ஏறுகிறது. புதிய பி.வி.சி. உறையோ ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும். மின்விசிறி மோட்டாரின் சுருளில் உள்ள தாமிரக் கம்பிக்கு, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே உள்ள எனாமல் பூச்சு போதுமானதாக இருக்கிறது. ஆகவே வோல்ட்டேஜை மட்டும் தடுக்க இவ்வளவு தடிமன் தேவையில்லை. கிளாம்பின் அழுத்தம், சுவரின் உராய்வு, வாழ்நாள் முழுதும் வளரும் அணிலின் வெட்டுப்பல், எல்லாவற்றுக்கும் மேலாக வெயில் ஆகியவற்றைத் தாங்கத்தான் அந்தக் கூடுதல் தடிமன்.

வெயிலில் கலந்துவரும் புறஊதாக் கதிர்தான் உறையின் முதல் எதிரி. பிளாஸ்டிக் என்பது கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. அந்தப் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.6 எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் வேண்டும். பச்சை ஒளியின் ஒரு துகளிடம் இருப்பது 2.3 அளவுதான். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாத் துகளிடமோ 4.1 இருக்கிறது. இந்தத் தாக்குதலில் பி.வி.சி. மெல்ல ஹைட்ரஜன் குளோரைடை இழந்து பழுப்பேறுகிறது. அதை வளையும்படி வைத்திருக்கும் மென்மையூட்டிகளும் வெப்பத்தில் ஆவியாகி வெளியேறுகின்றன. வளைந்து கொடுத்த உறை இறுகிப்போய், வளைவுகளில் முதலில் வெடிக்கிறது.

இதற்கு மனிதர் கண்ட தீர்வு கரிப்புகை. வெளிப்புறக் கேபிள்களின் பாலித்தீன் உறையில் 2 முதல் 3 சதவீதம் வரை மிக நுண்ணிய கரித்துகள்களைக் கலக்கிறார்கள். நம் தோலில் மெலனின் செய்யும் வேலையை அங்கே கரி செய்கிறது: புறஊதாக் கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதுதான் இதில் வியப்பு. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய உறைக்குள் கடத்தியையே கலக்கிறார்கள். அளவு குறைவாகவும் கலவை சீராகவும் இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கும். மின்சாரத்துக்குப் பாதை அமையாது. அதே கரியை அதிகமாகச் சேர்த்தால் பொருள் ஓரளவு கடத்தத் தொடங்கிவிடும். உயரழுத்தக் கேபிள்களின் உள்ளடுக்கு ஒன்றை அப்படித்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

வெயிலின் இரண்டாவது அடி வெப்பம். பி.வி.சி. உறைக்குள் கம்பியின் வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சுற்றுப்புறம் 30 டிகிரி என்றால், மின்னோட்டத்தால் இன்னும் 40 டிகிரி ஏற இடமிருக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டி 50 டிகிரி ஆகிவிட்டால் மிச்சம் 20 டிகிரிதான். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அது தாங்கும் ஆம்பியர் 0.71 மடங்காகக் குறைகிறது. 28 ஆம்பியர் தாங்கிய கம்பி 20 ஆம்பியரோடு நிற்க வேண்டும். சித்திரை மாதப் பிற்பகலில் வீட்டு ஏசிகள் எல்லாம் ஓடுவதும், மேற்குச் சுவர் கொதிப்பதும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன.

வெயில் திறந்துவிட்ட விரிசலில் மழை நுழைகிறது. உறையில் சிறு கீறல் போதும். முறுக்கிய கம்பி இழைகளுக்கு இடையே தண்ணீர் தந்துகிக் கவர்ச்சியால் ஊர்ந்து செல்லும். உள்ளே அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்பட்டு இழைகள் மெலியும். கம்பியின் மேற்புறமாக வழியும் நீருக்கும் ஒரு வழி செய்தாக வேண்டும். அதனால்தான் நல்ல லைன்மேன் கம்பியைச் சுவர்த் துளைக்கு நேராகக் கொண்டுபோகாமல், துளைக்குக் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டு மேலேற்றி நுழைக்கிறார். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பைப்பின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து வைப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே புதிதாகக் கம்பி இழுக்கும்போது தடிமனைக் கேட்பதோடு நிற்காமல், வெளிப்புறத்துக்கு ஏற்ற உறைதானா என்றும் கேளுங்கள். நிழல் விழும் சுவர் கிடைக்குமானால் அதன் வழியே கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய கம்பி என்றால் ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கு முன்பும் மழைக்காலத்துக்கு முன்பும், தரையில் நின்றபடியே பாருங்கள். நிறம் வெளிறியிருக்கிறதா, வளைவில் வெடிப்பு தெரிகிறதா, கிளாம்ப் கடித்திருக்கிறதா, துணி உலர்த்தும் கொடி அதன்மேல் உரசுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொடாதீர்கள், டேப் சுற்றப் போகாதீர்கள்; மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மாற்றச் செய்யுங்கள். சுவிட்சால் அணைக்க முடியாத இந்தக் கம்பிக்கு, அதன் உறையையும் அதைக் கவனித்துப் பார்க்கும் நம் கண்ணையும் தவிர வேறு காவல் இல்லை.