அவ்வளவுதானா மாப்ளே?

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடை ஒன்றில் என் நண்பன் கணக்கு எழுதுகிறான். அன்றைய ஏலத்தில் என்ன விலை போச்சு என்று கேளுங்கள், பைசா சுத்தமாகச் சொல்வான். முதலாளி கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுவான்.

"உனக்கு எவ்வளவு கடன் மாப்ளே?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு... நாப்பது, அம்பது இருக்கும்."

நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது சார்! ஊரான் கணக்கை எழுதுகிறவன் தன் கணக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் பயமாம். தண்டல்காரர் பைக் சத்தம் கேட்டால் டீக்கடைக்குள் ஒளிவான். எல்லா பைக்கும் ஒரே மாதிரிதானே சத்தம் போடுகிறது? நாளைக்கு முப்பது தடவை ஒளிய வேண்டியிருந்தது.

அவனை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாதபோது ஒரு புத்திப் பரீட்சை. அறுவடை முடிந்து பணம் வந்தபிறகு இன்னொன்று. ஆள் அதே ஆள். காசில்லாத சமயத்தில் மட்டும் மார்க் குறைவு! பணக் கவலை மூளையில் ஒரு போர்ஷனை வாடகை கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். கைமாற்று, சீட்டுப் பாக்கி, தண்டல். எல்லாம் சேர்த்து 43,600.

"அவ்வளவுதானா மாப்ளே?" என்றான். முகத்தில் ஒரு தெளிவு. கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை!

அடுத்தது தண்டல். பத்தாயிரம் என்று பேச்சு. முன்னாலேயே 1,500 பிடித்துக்கொண்டு கையில் தந்தது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்தி ஐநூறுதானே வட்டி?" என்றுதான் வாங்கியிருக்கிறான். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழுத் தொகைக்கும் முதல் நாளே போய்விட்டது. வருஷக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 120-க்கும் மேல்! அதே 8,500-ஐ வருஷத்துக்கு 12 சதவீத வட்டியில் வாங்கி நூறு நாளில் அடைத்தால் வட்டி சுமார் 140 ரூபாய்தான்.

கணக்கு எழுதுகிறவன் வாயைப் பிளந்தான். மறுநாளே அம்மாவின் செயினை வங்கியில் வைத்துத் தண்டலை முடிக்கத் தீர்மானித்தான். அம்மா முகம் சுருங்கத்தான் செய்தது. இதற்கெல்லாம் வலிக்காத வழி கிடையாது.

தமிழ்நாட்டில் 2003-ல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று வருஷம் வரை ஜெயில், முப்பதாயிரம் வரை அபராதம். கடன் வாங்கியவர் அசலையும், அரசு நிர்ணயித்த வட்டியையும் கோர்ட்டிலேயே கட்டலாம். இதைச் சொன்னதும் நண்பன், "ஊருக்குள்ள முகம் பார்த்துப் பழகணுமேடா" என்றான். அதுவும் நியாயம்தான். சட்டப் புத்தகத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிரிவு கிடையாது.

திங்கள் மாலை பைக் வந்தது. நண்பன் ஒளியவில்லை. மிச்சத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, நோட்டையும் நீட்டிக் கணக்கைக் காட்டினான். தண்டல்காரர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார்.

"தம்பி, எனக்கும் இதே மாதிரி போட்டுக் காட்டுங்க. கம்பத்துல ஒருத்தர்கிட்ட மாசம் நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கித்தான் நானே ஓட்டிக்கிட்டிருக்கேன்."